வகுப்பறையில் ஒரு காடு

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். சிட்டுவின் மூக்கு மட்டும் நலமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா நடைப்பயிற்சிக்குப் போகிறாரா, இல்லை போவதாகச் சொல்லிக்கொண்டு தெருமுனையில் உட்கார்ந்திருக்கிறாரா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னாய். சரி, எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்கும் சௌகரியம்தான்.

பள்ளி திறந்துவிட்டது. சிட்டுவைப் பள்ளியிலேயே இருக்கும் குழந்தைகள் அறையில் விடுகிறேன். ஆசிரியைகளின் பிள்ளைகளுக்கான அறை. தகரக் கூரைதான், ஆனால் வாசல் பக்கத்து மரத்தின் நிழல் முழுவதும் அதன்மேல்தான் விழுகிறது. அந்த அறை இல்லையென்றால் எனக்கு இந்த வேலை இல்லை. என் தகுதிகாண் பருவம் மார்ச்சில் முடிகிறது. அதுவரை தும்முவதென்றால்கூடத் தலைமையாசிரியையிடம் கேட்டுவிட்டுத்தான் தும்ம வேண்டும். எதற்கும் 'மார்ச் வரட்டும், பாக்கலாம்' என்கிறார்.

இந்த ஆண்டு ஏழாம் வகுப்பு அறிவியல் எனக்கு வந்திருக்கிறது. ஐந்தாம் பாடம் 'காடுகள் அழிந்தால்'. இதை எழுதியது என் அக்கா, பாடநூல் குழுவில் இருக்கிறார் என்று வகுப்பில் பெருமையடித்துக்கொண்டேன். உடனே ஒரு குரல், "அப்போ பரீட்சைக்கு எந்தக் கேள்வி வரும்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர்."

"மரத்தை எல்லாம் வெட்டிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அஞ்சு மார்க் கேள்வி டீச்சர்."

இதுதான் நிலவரம். மழை, மண், பறவை எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை. மார்க் மட்டும் ஏறுகிறது.

ஒரு சந்தேகம். பாடத்தின் கடைசியில் 'வகுப்பறையில் ஒரு காடு' என்று ஒரு செயல்பாடு கொடுத்திருக்கிறாய். தட்டில் மண் நிரப்பி, உண்மையான கிளைகளை நட்டு, தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். பிறகு கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மண் அரிப்பதைப் பார்க்க வேண்டும். மூன்று பிரிவுகளிலும் சேர்த்து நூற்றுக்கு மேல் பிள்ளைகள். தெர்மாகோலும் பச்சைக் காகிதமும் போதாதா? யோசித்துச் சொல்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தங்கை

*

ஜூலை 2

அன்புள்ள குட்டிக்கு,

நலமே. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. மாமா தெருமுனையில்தான் உட்கார்ந்திருக்கிறார், சரியாகக் கண்டுபிடித்தாய். சிட்டுவுக்கு மூக்கு ஒழுகினால் தலைக்குக் குளிக்க வைக்காதே என்று எத்தனை தடவை சொல்வது?

தெர்மாகோலா? படித்தவள்தானே நீ? காடு அழிவதைப் பற்றிப் பாடம் நடத்தத் தெர்மாகோலா? அந்தச் செயல்பாடுதான் பாடத்தின் உயிரே. குழுவில் ஒவ்வொருவரும் அதைப் பாராட்டினார்கள். பிள்ளைகள் இலையைத் தொட வேண்டும், வாசனை பிடிக்க வேண்டும். அப்போதுதான் மனதில் நிற்கும். ஒரு பிள்ளை ஒரு கிளை. அவ்வளவுதான். இதற்குப் போய் இத்தனை பயமா? சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான், பால் பொங்குவதற்கு முன்னாலேயே அடுப்பை அணைப்பாய்.

இங்கே எங்கள் முதன்மைப் பதிப்பாசிரியர் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடத்துக்கு யார் என்பது அக்டோபர் நேர்காணலில் தெரியும். மற்றபடி விசேஷம் இல்லை. செய்து பார்த்துவிட்டு எழுது. பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே உடம்பு எல்லாருக்கும் நலம். மனதைப் பற்றிக் கேட்காதே. உன் முழங்கால் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இதைப் படித்ததும் நீ எழுந்து நடமாட வேண்டியிருக்கும்.

செய்து பார்த்துவிட்டேன். பிள்ளைகள் சொன்னதை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

முதலில் என் பிரிவில் மட்டும் செய்வதாகத்தான் ஏற்பாடு. தலைமையாசிரியை கேள்விப்பட்டார். "ஏ பிரிவுல மட்டும் காடு இருந்தா பி பிரிவுப் பெத்தவங்க சும்மா இருப்பாங்களா? மூணு பிரிவும் செய்யட்டும். நவம்பர்ல ஆய்வாளர் வர்றப்போ போட்டோ காட்டலாம்" என்றார். ஆக, ஒரு பிள்ளை ஒரு கிளை.

வெள்ளிக்கிழமை காலை பள்ளி வாசலுக்குக் காடே நடந்து வந்தது அக்கா. கிளை வைத்திருக்கும் பிள்ளை தெரியவில்லை, கிளை மட்டும் தெரிந்தது. ஒரு அப்பா ஸ்கூட்டரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அது கிளை இல்லை, பாதி மரம். நான் வாயைத் திறப்பதற்குள், "பெருசா இருந்தா மார்க் ஜாஸ்திதானே டீச்சர்?" என்றார். ஒரு அம்மாவின் கையில் அரிவாளே இருந்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில் வாசலிலேயே வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்னொரு பெண் பறவைக்கூட்டோடு ஒரு கிளையைக் கொண்டு வந்தாள். "காட்டுல பறவையும் இருக்கணும்ல டீச்சர்?" கூடு காலியாகத்தான் இருந்தது என்று சத்தியம் செய்கிறாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிறகு சோதனை. கிளைகளை மண்ணில் நட்டுத் தண்ணீர் ஊற்றினோம். மண் கரைந்து ஓடியது. கிளைகளை எடுத்துவிட்டு ஊற்றினோம். அப்போதும் ஓடியது, சொல்லப்போனால் கொஞ்சம் குறைவாக. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வகுப்புத் தலைவி ஒருத்தி இருக்கிறாள், பள்ளி முழுக்க அவளை லீடரம்மா என்றுதான் கூப்பிடும். அவள் எழுந்து கேட்டாள்: "டீச்சர், கிளைல வேர் இல்லையே, மண்ணை எது பிடிக்கும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

மதியம் சிட்டுவுக்குச் சாப்பாடு ஊட்டக் குழந்தைகள் அறைக்குப் போனேன். உள்ளே அடுப்பு மாதிரி அனல். பிள்ளைகள் எல்லாம் சிவந்துபோய் அழுகின்றன. வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால், துணி கிழிந்த குடையின் கம்பிகள் மாதிரி நிற்கிறது அந்த மரம். தெருவில் மொத்தமே ஆறு மரங்கள். ஆறும் அப்படித்தான். எட்டுகிற உயரம் வரை ஒடித்திருந்தார்கள். எட்டாத உயரத்துக்கு யாரோ ஏணி கொண்டு வந்திருக்கிறார்கள்.

தெருவில் வளைந்த மரம் ஒன்று உண்டு, கூனி என்று பெயர். அதன் அடியில் சைக்கிள் பழுது பார்ப்பவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சரம்மா! காட்டைக் காப்பாத்துறேன்னு என் கூரையப் பிச்சுக்கிட்டுப் போயிட்டீங்களே! அடுத்த பாடம் என்ன, தண்ணியா? இப்பவே சொல்லிடுங்க, குடத்தை ஒளிச்சு வைக்கிறேன்" என்றார்.

மூன்று வகுப்பறைகளிலும் காடுகள் வாடிக்கொண்டிருக்கின்றன. நாளைக்குக் குப்பை வண்டியில் போகும்.

என்ன செய்வது சொல். சீக்கிரம் எழுது.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள குட்டிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. மறுபதிப்பு வேலையில் தலை நிமிர நேரமில்லை. மாமாவுக்குக் கண் பரிசோதனை செய்தோம், கண்ணாடி மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

சிட்டு சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் வீட்டுக்காரர் மாமாவிடம் போனில் சொன்னாராம். பல் முளைக்கும்போது அப்படித்தான். கட்டாயப்படுத்தாதே. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடு. கழுத்தில் துண்டைக் கட்டிவிடு, எச்சில் ஒழுகி நெஞ்சு நனைந்தால் சளி பிடிக்கும்.

மரங்கள் தழைத்துவிடும். மரம்தானே. அதைப் பெரிதுபடுத்தாதே.

வேர் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு வேறு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 26

அக்காவுக்கு,

நாங்கள் நலம். சிட்டுவுக்கு இரண்டு பல் வந்துவிட்டது, என்னைத்தான் கடிக்கிறாள்.

நான் பக்கம் பக்கமாக எழுதினேன். நீ எச்சில் துண்டைப் பற்றி எழுதுகிறாய். லீடரம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்குக் கண் இருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து பேர் சேர்ந்த உங்கள் குழுவில் ஒருவருக்குக்கூடக் கிளைக்கு வேர் கிடையாது என்று தோன்றவில்லையா? தட்டும் மண்ணும் வாங்கி நீங்களே ஒருமுறை செய்து பார்க்கவில்லையா?

இப்போது நடந்ததைக் கேள். தெருவாசிகள் நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு மெமோ கொடுத்தார். மாணவர்களைத் தூண்டி மரங்களைச் சேதப்படுத்தியது ஏன் என்று நான் விளக்கம் எழுத வேண்டுமாம். "நீங்கதானே மேடம் மூணு பிரிவும் செய்யச் சொன்னீங்க?" என்றேன். "நானா? நான் போட்டோதான் எடுக்கச் சொன்னேன்" என்கிறார், கொஞ்சமும் கூசாமல். புத்தகத்தைத் திறந்து காட்டினேன். "கிளைன்னுதானே போட்டிருக்கு? ரோட்டு மரத்துலேருந்துன்னு போட்டிருக்கா? உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்றார். தகுதிகாண் பருவத்தில் ஒரு மெமோ இருந்தால் மார்ச்சில் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை போனால் சிட்டுவின் அறையும் போகும், அறை போனால் வேறு வேலைக்கும் போக முடியாது.

அதோடு முடியவில்லை. ஆய்வாளர் வரும்போது மொட்டை மரம் கண்ணில் பட்டால் கேள்வி வரும். அதனால் நகராட்சிக்குத் தானே எழுதிவிட்டார்: மரங்கள் பட்டுப்போய்விட்டன, பிள்ளைகள்மேல் விழும், அகற்றுங்கள் என்று. ஆட்கள் வந்து ஆறு மரங்களிலும் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மரமே இல்லையென்றால் மொட்டை மரமும் இல்லை பார். இந்த மூளையைப் பாடம் நடத்தப் பயன்படுத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பாடநூல் குழுவின் தாளில் சில வரிகள். உண்மையான கிளைகள் வேண்டும் என்று கேட்டது புத்தகம், அது தவறான செயல்பாடு, ஆசிரியை சொன்னபடி செய்திருக்கிறார் என்று எழுதிக் கொடு. பழி உங்கள் பக்கம் போய்விட்டால் தலைமையாசிரியைக்கு மறைக்க ஒன்றும் இருக்காது. மரத்தையும் விட்டுவிடுவார், என்னையும் விட்டுவிடுவார்.

மாமாவின் கண்ணாடி வந்துவிட்டதா?

உன் தங்கை

*

செப்டம்பர் 15

அன்புள்ள குட்டிக்கு,

நலம். கண்ணாடி வந்துவிட்டது. இப்போது வீட்டில் இருக்கும் தூசியெல்லாம் மாமாவுக்குத் தெரிகிறது, எனக்குத்தான் கஷ்டம்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ நினைப்பது போல நானே ஒரு தாளை எடுத்து எழுதிவிட முடியாது. குழுவின் பெயரில் போகும் எதுவும் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். தவறு என்று ஒரு வார்த்தை போட்டால், எழுதியது யார் என்று கேட்பார்கள். நேர்காணல் அடுத்த மாதம். இந்த நாற்காலிக்காக நான் எத்தனை வருஷம் பிறர் பெயரில் வந்த புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியும்.

அதற்காகச் சும்மா இருக்கவில்லை. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பச் செய்திருக்கிறேன்: 'மரங்களிலிருந்து ஒடிக்கக் கூடாது, தாமாகக் கீழே விழுந்த கிளைகளை மட்டுமே மாணவர்கள் கொண்டுவர வேண்டும்.' இதுவே பெரிய விஷயம். இதைத் தலைமையாசிரியையிடம் காட்டு. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

சிட்டுவுக்கு என் முத்தம்.

அக்கா

*

செப்டம்பர் 24

அக்காவுக்கு,

நலம். சுற்றறிக்கை வந்தது. வந்ததோடு நிற்காமல் வேலையும் செய்தது.

பக்கத்துத் தெருப் பள்ளிக்காரர்கள் இப்போதுதான் ஐந்தாம் பாடத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் தெருவில் மரமே கிடையாது, அதனால் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். நேற்று சாயங்காலம் நான் சிட்டுவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, ஒருவர் கூனியின் உச்சிக் கிளையில் கயிற்றை வீசிக் கட்டித் தொங்கிக்கொண்டிருக்கிறார். கீழே அவர் பெண் தயாராக நிற்கிறாள்.

"சார், என்ன பண்றீங்க?" என்றேன்.

"விழுந்த கிளைதான் கொண்டு வரணும்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்கம்மா."

"இது எங்க சார் விழுந்துச்சு?"

"இருங்க, விழும்." தொங்கி ஒரு ஆட்டு ஆட்டினார். மடமடவென்று விழுந்தது. "பொறுக்குடா கண்ணு."

சைக்கிள்காரர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, உங்க மேலிடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. இனிமே எங்களுக்கு நல்லது எதுவும் செய்ய வேணாம்."

மேலிடம் என் அக்கா என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

சுற்றறிக்கையைத் தலைமையாசிரியையிடம் காட்டினேன். "பாத்தியா, ஒடிக்கக் கூடாதுன்னு அவங்களே சொல்றாங்க. அப்போ தப்பு உன்மேலதானே?" என்றார். உன் சுற்றறிக்கை என் மெமோவுக்குச் சாட்சி சொல்லிவிட்டது அக்கா. மிக்க நன்றி.

நாற்காலி என்கிறாய். அது உனக்கு ஏன் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் நீ சொல்லித்தான் செய்தேன். தெர்மாகோல் என்று நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கும், எடுத்துப் பார்.

உன் தங்கை

*

அக்டோபர் 6

அக்காவுக்கு,

நலமா? பதில் இல்லை. மாமாவிடம் போனில் கேட்டதற்கு, "நல்லாத்தாம்மா இருக்கா, வெளியூர் போறா வர்றா" என்றார். நானும் நலம் என்றே எழுதுகிறேன், வேறு என்ன எழுதுவது.

குழந்தைகள் அறையில் மதியம் ஈரத்துணி கட்டித் தொங்கவிடுகிறோம். சிட்டுவின் முதுகெல்லாம் வேர்க்குரு. மரம் அறுக்கும் இயந்திரம் பழுதாகிக் கிடப்பதால் நகராட்சி ஆட்கள் இன்னும் வரவில்லை. ஒரு இயந்திரம் நன்றாக ஓடக் கூடாது என்று வாழ்க்கையில் முதன்முறையாக வேண்டிக்கொள்கிறேன்.

*

அக்டோபர் 16

அன்புள்ள குட்டிக்கு,

நலம் விசாரித்து நேரத்தைக் கடத்தப் போவதில்லை. இரண்டு வாரமாக எழுத உட்கார்வதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன்.

மறுபதிப்புக்கு முன்னால் பள்ளிகளைப் பார்த்து வரச் சொல்லி என்னை வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். முதல் ஊரில் ஒரு தெருவில் மரமெல்லாம் மொட்டையாக நின்றது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். சரி, நோய் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், சிரிக்காதே. அடுத்த ஊரிலும் அதே. மதியத்துக்குள் எனக்குப் பழகிவிட்டது. பெயர்ப்பலகை வேண்டாம், மணிச் சத்தம் வேண்டாம். இடுப்பில் துணியில்லாத மாதிரி நாலு மரம் நின்றால், அடுத்த திருப்பத்தில் பள்ளிக்கூடம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் என்னிடம், "யாரோ ஒரு மகாராசி புத்தகத்துல எழுதி வெச்சிருக்காளாம், பிள்ளைங்க எல்லாம் கொப்பு ஒடிச்சுக்கிட்டுப் போகணும்னு. எங்க வீட்டு வாசல் மரத்தையும் விட்டு வைக்கலை. அவளை ஒரு நாள் எங்க வாசல்ல உச்சி வெயில்ல உக்காத்தி வைக்கணும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

கடைசியாகப் போன பள்ளியில் எனக்கு மாலை மரியாதையோடு ஒரு காட்டைக் காட்டினார்கள். மேஜை முழுக்கக் காய்ந்த கிளை. அதன் நடுவில் ஒரு பலகை: 'மரங்களை வெட்டாதீர்'. அந்த ஆசிரியை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பாராட்டுவேன் என்று. உன் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தட்டில் மண் போட்டு நானே செய்து பார்த்தேன். மாமா, "இதுக்கு எதுக்கு இந்த வேலை? வேர் இல்லாம எப்படி நிக்கும்?" என்றார். அவர்கூடச் சொல்லிவிட்டார் குட்டி.

நேற்று நேர்காணலில் இந்தப் பாடத்தைப் பற்றித்தான் முதல் கேள்வி. சொன்னேன். செயல்பாடு தவறு, எழுதியது நான், இதை மறுபதிப்பில் நீக்க வேண்டும், நீக்கியது ஏன் என்று எல்லாப் பள்ளிக்கும் எழுத வேண்டும் என்று. ஒருவர் பேனாவை மூடி வைத்தார். அதோடு அது முடிந்தது.

நீ கேட்ட தாள் இதோடு இருக்கிறது. ஐந்து கையெழுத்தும் இருக்கின்றன. கீழே என் பெயரைத் தனியாகவும் போட்டிருக்கிறேன். கிடைத்த அன்றே உன் தலைமையாசிரியையிடம் கொடு.

அக்கா

*

அக்டோபர் 21

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று, திங்கட்கிழமை வந்தது. இயந்திரம் சனிக்கிழமை வந்தது.

இரண்டு மரங்கள் போய்விட்டன. ஒன்று குழந்தைகள் அறைக்கு நிழல் கொடுத்தது. பட்டுப்போனது என்று எழுதிக் கொடுத்தாரே, வெட்டிய இடத்தில் பால் வடிந்துகொண்டே இருந்தது. விடுமுறை நாள் என்பதால் பிள்ளைகள் யாரும் இல்லை. நானும் இல்லை. சைக்கிள்காரர்தான் சொன்னார். மூன்றாவதாகக் கூனிக்கு வந்தபோது, தன் கடையைக் காலி செய்ய மாட்டேன் என்று மரத்தோடு சேர்த்துத் தன் சைக்கிள்களை எல்லாம் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டாராம். "சாவி தொலைஞ்சு போச்சு, திங்கக்கிழமை வாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை அவர்கள் வருவதற்குள் உன் தாள் தலைமையாசிரியையின் மேஜையில் இருந்தது. இரண்டு முறை படித்தார். "உங்க அக்காவா?" என்றார். "ஆமா மேடம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நகராட்சிக்குப் போன் செய்து, "மிச்சம் நாலும் நல்லாத்தான் இருக்குங்க, யாரு வெட்டச் சொன்னது?" என்று அவர்களையே திட்டினார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மெமோவைப் பற்றிப் பேச்சே இல்லை. அதை 'மார்ச் வரட்டும்' என்று வைத்திருப்பார்.

உன் நேர்காணலைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு மாதம் முன்னால் இதைச் செய்திருந்தால் ஆறு மரம் இருந்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. அதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. மற்றதும் தோன்றியது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

உன் முழங்காலைக் கவனித்துக்கொள். பஸ்ஸில் அவ்வளவு தூரம் போயிருக்கிறாய்.

உன் தங்கை

*

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். சிட்டு நடக்கிறாள், ஓடுகிறாள், கையில் அகப்பட்டதை எல்லாம் வாயில் போடுகிறாள். மாமாவும் நீயும் நலம்தானே?

முதலில் நல்ல செய்தி. மெமோவைத் தலைமையாசிரியை கோப்பிலிருந்து எடுத்துவிட்டார். எழுத்தர் சொன்னார், நிரந்தர ஆணைக்கு என் பெயரும் போயிருக்கிறதாம். கையில் வரும்வரை நம்ப மாட்டேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

புதிய செயல்பாட்டின் அச்சுப்படி கிடைத்தது. 'உன் தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடு. ஒடிக்காதே, பறிக்காதே. ஒரு மாதம் கவனி.' என் பிரிவில் செய்து பார்த்துவிட்டு எழுதச் சொன்னாய். மறுபடியும் செய்து பார்த்துவிட்டேன் அக்கா. உட்கார்ந்துகொண்டு படி.

தெருவில் இருப்பதே நாலு மரங்கள். மூன்று தழைத்துவிட்டன. கூனிதான் அடம் பிடித்தது, இரண்டு தடவை அடி வாங்கியது அல்லவா. ஆகவே மொத்த வகுப்பும் கூனியையே தேர்ந்தெடுத்தது. கவனி என்றால் இவர்கள் கவனிக்க மட்டுமா செய்வார்கள்? ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றினார்கள், காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மூன்றாம் நாள் சைக்கிள்காரர் முழங்கால் அளவு சேற்றில் நின்று என்னைக் கூப்பிட்டார். "நான் அன்னைக்கே கேட்டேன்ல டீச்சரம்மா, அடுத்த பாடம் தண்ணியான்னு?" அப்புறம் லீடரம்மா ஒரு முறை வைத்தாள்: ஒரு நாளைக்கு ஒரே பிள்ளை, ஒரே பாட்டில். மீறினால் அவளே பாட்டிலைப் பிடுங்கிக்கொள்கிறாள். அவளைப் பார்த்தால் தலைமையாசிரியைக்கே கொஞ்சம் பயம்.

வெள்ளிக்கிழமை முதல் பாடவேளையிலேயே அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். கூனி துளிர்த்துவிட்டதாம். வளைந்த முதுகில், என் தோள் உயரத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு துளிர். மொத்த வகுப்பும் ஒரு கை தூரம் தள்ளி நின்று பார்க்கிறது. யாரும் தொடவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. ஜூன் மாதம் 'அஞ்சு மார்க் டீச்சர்' என்று சொன்ன பிள்ளைகள் இவர்கள்தானா என்று எனக்கே சந்தேகம். இதைச் சிட்டுவுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். "பாரு செல்லம், இலை பாரு" என்று பக்கத்தில் கொண்டு போனேன்.

பறித்துவிட்டாள்.

நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "ஐயோ!" என்று கத்தியதில் தெருவே வெளியே வந்துவிட்டது. சைக்கிள்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பையன் அழுதேவிட்டான். நான் அவள் வாயில் விரலை விட்டுத் துளிரை எடுப்பதற்குள், லீடரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், உங்க பாப்பாவுக்கு மெமோ குடுங்க."

சிரிப்பு வந்துவிட்டது அக்கா. அழுகையும்தான். இத்தனை மாதத்துக்குப் பிறகு. யாருக்குப் பாடம் நடத்தினேனோ அவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், பறித்தது என் பெண்.

துளிரைக் காகிதத்தில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் பல் பட்ட அடையாளம் இருக்கும், கண்டுகொள்ளாதே.

அன்று எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன். இப்போது வகுப்பில் மட்டும் சொல்லியிருக்கிறேன், இந்தப் பாடத்தை எழுதியதும் என் அக்கா, திருத்தியதும் என் அக்கா என்று. "அப்போ பரீட்சைக்கு எது வரும்?" என்று கேட்டார்கள்.

உன் தங்கை

*

ஜனவரி 20

அன்புள்ள குட்டிக்கு,

நலம். துளிர் கிடைத்தது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். புதிய பதிப்பாசிரியர் இது என்ன மரம் என்று கேட்டார். என் தங்கை பெண் கடித்த மரம் என்றேன்.

அச்சுப்படியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: 'கைக்குழந்தைகளை அருகில் கொண்டு செல்ல வேண்டாம்.' குழுவில் யாருக்கும் காரணம் புரியவில்லை. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

பறித்த இடத்தில் மறுபடி வருகிறதா என்று பார்த்துச் சொல். கடிதம் வர நாலைந்து நாள் ஆகிறது, என்னால் அதுவரை பொறுக்க முடியாது. போன் பண்ணு. சண்டை வந்தால் வரட்டும்.

அக்கா